எறும்புக்கு ஒரு படகு

பத்து நாளாக ஒன்றும் தோன்றாமல் வெள்ளைக் காகிதத்தின்மேல் படுத்துக் கிடந்த பேனா, ஒருவழியாக 'ஆறு ஓடியது' என்று எழுதியது. சர்க்கரைத் துணுக்கைத் தூக்கி வந்த எறும்பு, ஈர மையைப் பார்த்து நின்றுவிட்டது.

"நேத்து இங்க ஆறு இல்லையே. நான் எப்படி வீட்டுக்குப் போவேன்?" என்றது.

தன் ஆற்றை ஒருவர் நம்பிவிட்டதில் பேனாவுக்குத் தலைகால் புரியவில்லை. உடனே ஒரு படகை எழுதியது.

"எனக்கு ஓட்டத் தெரியாதே."

பேனா ஒரு படகோட்டியை எழுதியது.

"நடுவுல மழை வந்தா?"

எறும்பு கேட்கக் கேட்கப் பேனா எழுதிக்கொண்டே போனது. பக்கம் நிறைந்தபோது எறும்பு அக்கரையில் இறங்கி, வணக்கம் சொல்லிவிட்டு நடந்தது.

மறுநாள் காலை, காகிதத்தின் ஓரத்தில் நாற்பது எறும்புகள் மூட்டை முடிச்சோடு வரிசையில் நின்றன.

"ஒரு படகு பத்தாதே," என்று முனகிக்கொண்டே பேனா தன் மூடியைக் கழற்றியது.