அதிகாரிக்காக எழுதிய காதல்

"இதுல காதல் எங்கேங்க இருக்கு?"

வக்கீலம்மா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அவனுடைய போனை மேசைமேல் வைத்தார். லிஃப்ட் மெக்கானிக் திருதிருவென்று விழித்தான். ஊரிலிருக்கும் மனைவியை இந்த வெளிநாட்டுக்கு அழைத்துக்கொள்ள விசா மனுப் போட்டிருந்தான். இருவரும் நிஜமான தம்பதிதான் என்று அதிகாரி நம்ப வேண்டும். அதற்கு அவர்கள் போனில் எழுதிக்கொண்டதையெல்லாம் காட்ட வேண்டும்.

"'சாப்பிட்டியா?' 'ஆச்சு.' 'மழையா?' 'இல்லை.' ஏங்க, இது புருஷன் பொண்டாட்டி பேச்சா, வானிலை அறிக்கையா?"

"எங்களுக்கு இவ்ளோதாங்க மேடம் வரும்."

பாவம், அவன்மேல் தப்பில்லை. லீவு போட்டுப் போய்க் கல்யாணம் செய்துகொண்ட அந்தச் சில நாட்களும் வீடு முழுக்க உறவினர் பட்டாளம். குளியலறைக்கு நின்ற வரிசை தெருமுனை வரை நீண்டது. புதுப்பெண்டாட்டியிடம் அவன் தனியாகப் பேசிய ஒரே வாக்கியம், "விளக்கை அணைச்சிடட்டுமா?" அதற்குள் லீவு தீர்ந்து விமானம் ஏறிவிட்டான்.

வக்கீலம்மாவைப் பார்த்த அன்றைக்கே மனைவியை அழைத்தான்.

"இத பாரு... அந்த ஆபீசருக்காக நாம கொஞ்சம் காதலிக்கணுமாம்."

அவள் மெதுவாக, "ஆபீசருக்காகத்தானே? சரிங்க. நீங்க ஆரம்பிங்க" என்றாள்.

ஆரம்பித்தான். முதல் செய்தியை எழுத அவன் பட்ட பாட்டுக்கு, நிலாவுக்கே ஒரு லிஃப்ட் போட்டு முடித்திருக்கலாம்.

'லிஃப்ட் கதவு திறக்கும்போதெல்லாம் நீ நிக்கிறியான்னு பார்க்கிறேன். இன்னைக்கு ஒரு குண்டு மனுஷன் நாயோட நின்னார்.'

பதில் வந்தது.

'உங்க தலையணை உறையை இன்னும் துவைக்கலை. அத்தை தினமும் திட்டறாங்க. துவைச்சா உங்க வாசம் போயிடும்னு அவங்ககிட்ட சொல்ல முடியுமா? சோப்பு தீர்ந்துபோச்சுன்னு புளுகிட்டேன்.'

லிஃப்டின் கூரைமேல் நின்று அதைப் படித்தவன், அப்படியே வானத்துக்குப் போய் வந்தான். உள்ளே மாட்டிக்கொண்டிருந்தவர் கதவைத் தட்டிய சத்தம் எட்டுத் தெருவுக்குக் கேட்டது. அவனுக்கு மட்டும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு மடை திறந்துகொண்டது. 'ரெண்டு தட்டு வாங்கினேன். ஒண்ணுல சாப்பிடறேன், இன்னொண்ணை எதிர்ல சும்மா வைக்கிறேன்' என்று அவன் எழுதினால், 'அதுலயும் கொஞ்சம் போட்டு வைங்க, பசிக்குது' என்று அவள் எழுதுவாள். அவன் போட்டும் வைத்தான். காலியான எதிர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டே இரண்டு பேர் சாப்பாட்டையும் தானே தின்று, இடுப்பு பெல்ட்டில் புது ஓட்டை போடும் நிலைக்கு வந்தான்.

சேர்ந்ததையெல்லாம் வக்கீலம்மா அதிகாரிக்கு அனுப்பிவைத்தார்.

'ஆபீசர் ஏதாவது சொன்னாரா?' அவள் நாள் தவறாமல் கேட்பாள்.

'இன்னும் பத்தாது போலிருக்கு.'

'அப்படியா? சரி, இன்னும் எழுதுவோம்.'

ஒருநாள் பெரிய கட்டடம் ஒன்றில் வேலை. அவனும், எல்லோரும் நட்டு என்று கூப்பிடுகிற அவன் கூட்டாளியும் மேல்மாடி லிஃப்ட் கதவருகே நின்றிருந்தார்கள்.

"டேய், நீ போனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்புல லிஃப்டுக்கே வெக்கம் வருது. வேலையைப் பாரு" என்றான் நட்டு.

போன் அடித்தது. கையெல்லாம் கிரீஸ். மூக்கு நுனியால் அழுத்தி ஸ்பீக்கரில் போட்டான்.

"என்னங்க, டிக்கெட் போட்டாச்சா?" வக்கீலம்மாவின் குரல் கட்டடம் முழுக்க எதிரொலித்தது. "அனுமதி வந்து ஒரு மாசமாகப் போகுது. உங்ககிட்டேயிருந்து ஒரு சத்தத்தையும் காணோமே!" என்று பொரிந்துவிட்டு வைத்தார்.

நட்டுவின் கையிலிருந்த ஸ்பேனர் நழுவி, மாடி மாடியாக மணியடித்துக்கொண்டே கீழே போனது.

"அடப்பாவி! அங்கே அந்தப் பொண்ணு வழிமேல விழி வச்சு உக்காந்திருக்கு. நீ சேதியை அமுக்கி வச்சிருக்கியா? இங்கே வேற எவளாவது...?"

"சேச்சே! வாயைக் கழுவுடா!" அவன் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டான். "அவ வரணும்டா. தூங்கினாலும் முழிச்சாலும் அதே நினைப்புதான். ஆனா வந்து எதிர்ல நின்னா எனக்கு நாக்கு ஒட்டிக்கும். பழையபடி 'சாப்பிட்டியா, மழையா'ன்னு ஆயிடுவேன். எழுதறப்போதான்டா நான் அவளுக்குப் புருஷனா இருக்கேன். இன்னும் ஒரே ஒரு மெசேஜ், ஒரே ஒண்ணுன்னு பார்த்தேன்... நாள் ஓடிருச்சு."

"மெசேஜோடயா குடும்பம் நடத்தப் போறே? போடுடா போனை!"

போட்டான். அவள் "என்னங்க?" என்று சொல்லி முடிப்பதற்குள், ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அனுமதி வந்ததை, மறைத்ததை, பயந்ததை.

நட்டு போன் பக்கம் காதை நீட்டினான்.

"கோவமா இருக்கா? நல்லாத் திட்டிடு. தாங்கிக்கிறேன்."

"கோவப்பட எனக்கு ஏதுங்க யோக்கியதை?" சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. "அதே வாரம் என் பாஸ்போர்ட்லயும் விசா முத்திரை குத்தி அனுப்பிட்டாங்க. பெட்டி கட்டி எவ்வளவோ நாளாச்சு. அது மேல உக்காந்துதான் தினமும் உங்களுக்குப் பதில் எழுதிட்டிருக்கேன்."