கரையில் நிற்பவள்

மலையில் இருந்துகொண்டு கடலையே வரைகிறீர்களே, இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு, கண்காட்சியில் பேட்டி எடுக்க வந்த டிவி நிருபர் சௌம்யா மைக்கை நீட்டினாள்.

பரமேஸ்வரி சிரித்தாள். ஏரியையும் குறிஞ்சிப் பூவையும் வரைந்து வயிறு வளர்ப்பவர்கள் கொடைக்கானலில் தெருவுக்குப் பத்துப் பேர். கடலைக் கட்டிக்கொண்டு அழுபவள் அவள் ஒருத்திதான். இந்தக் கேள்விக்கு எப்போதும் பதில் தயாராக இருக்கும்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்ததைச் சொன்னாள். நாலு வயதில், அப்பாவோடும் அக்காவோடும் தலைமன்னாரில் கப்பலேறியதைச் சொன்னாள். அம்மா கரையில் நின்று, சிவப்புச் சேலை காற்றில் பறக்க, கரை மறையும்வரை கையசைத்தாளாம். அடுத்த கப்பலில் வந்துவிடுகிறேன் என்றாளாம்.

அம்மா வரவில்லை. அதை மட்டும் அவள் மைக்கில் சொல்வதில்லை.

சுவரில் பதினெட்டுப் படங்கள். எல்லாவற்றிலும் கடல். எல்லாக் கரையிலும் ஒரு சிவப்புச் சேலை.

முகம் மட்டும் இருக்காது. நினைவில் இல்லை என்று கேட்பவர்களிடம் சொல்வாள். அதுவும் உண்மைதான். ஆனால் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவளுக்கு முகம் ஒரு கேடா என்கிற வீம்புதான் பெரிது.

அந்த வீம்பில்தான் இரண்டு வருஷத்துக்கு முன் கொழும்புக் கண்காட்சிக்கு அழைப்பு வந்தும் போகவில்லை. அங்கிருந்து அம்மா இருந்த தோட்டத்துக்கு ஒரு பகல் பயணம்கூட இல்லை. வேண்டுமானால் அவள் என்னைத் தேடி வரட்டும் என்றாள். அக்கா ரெங்கம்மாள் அப்போது ஏதோ சொல்ல வாயெடுத்து, முழுங்கிக்கொண்டாள்.

அந்த அக்கா இன்றைக்கு மன்னவனூரிலிருந்து வெள்ளனே பஸ் பிடித்து வந்திருந்தாள். கேரட் காட்டு மண் நகக்கண்ணில் அப்படியே இருந்தது. தங்கையின் கண்காட்சிக்கு அவள் வருவது இதுதான் முதல் தடவை. எப்போது கூப்பிட்டாலும் சோலி கெடக்கு என்பாள்.

மைக்கில் சொன்னது முழுக்க அவள் காதில் விழுந்தது.

சௌம்யா கேமராவைப் பார்க்கப் போனதும் ரெங்கம்மாள் கிட்டே வந்தாள். மன்னவனூர் மாரிமுத்து மாமா இலங்கையில் அந்தத் தோட்டத்துக்குப் போய்விட்டு நேற்றுத்தான் திரும்பினாராம். அம்மா போன தை மாசம் தவறிவிட்டதாம்.

பரமேஸ்வரிக்கு அழுகை வரவில்லை. கடைசிவரைக்கும் வரவே இல்லையே என்றாள்.

ரெங்கம்மாள் பெரிய படத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“அம்மா கரைக்கே வரலடி. நாம கெளம்புனப்ப அது மலையில கொழுந்து பறிச்சுக்கிட்டு நின்னுச்சு. அப்பா அதுகிட்டச் சொல்லாமத்தான் நம்மளக் கூட்டியாந்துச்சு.”

கப்பல் இறங்கித் தங்கிய மண்டபம் முகாமில் அம்மா வேண்டும் என்று தங்கை அழுத அழுகையில் பக்கத்துக் குடும்பங்களே எழுந்து வந்துவிட்டார்களாம். பத்து வயது ரெங்கம்மாள் என்ன செய்வாள்? ஒரு கரையைச் சொன்னாள். ஒரு சேலையைச் சொன்னாள். அடுத்த கப்பலைச் சொன்னாள். அழுகை நின்றது.

அப்பா சாகும்வரை அவருக்குப் பயந்து சொல்லவில்லை. அப்புறம் அது படமாகி, படத்தால் தங்கைக்குப் பேர் வந்தபோது, எந்த வாயால் சொல்வது என்று விட்டுவிட்டாள். இந்தியாவிலிருந்து யார் தோட்டத்துக்கு வந்தாலும், என் பிள்ளைகள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று அம்மா கேட்குமாம். அதையும் மாரிமுத்து மாமாதான் சொன்னார்.

சௌம்யா திரும்பி வந்தாள். கூட்டத்துச் சத்தத்தில் சரியாகப் பதிவாகவில்லை, அம்மா கையசைத்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை சொல்ல முடியுமா என்று கேட்டாள்.

பரமேஸ்வரி மைக்கை வாங்கினாள். சுவரில் பதினெட்டுக் கரையிலும் பதினெட்டுக் கைகள் உயர்ந்திருந்தன. நாற்பது வருஷத்துக்கு மேலாகத் தான் யார்மேல் கோபமாக இருந்தோம் என்று நினைத்தாள்.

மைக்கைக் கீழே இறக்கினாள். அன்றைக்குக் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு அம்மா வீட்டுக்கு எத்தனை மணிக்கு வந்திருக்கும் என்று அக்காவிடம் கேட்டாள்.

அஞ்சு மணி இருக்கும் என்றாள் ரெங்கம்மாள்.