அத்தை வீட்டுத் துப்பாக்கி

“அதைக் குப்பையில போட்டுட்டு வேற வேலையைப் பாருங்க. இப்பப் போய்ச் சொல்லி, பொண்ணு கல்யாணத்தைக் கெடுக்கப் போறீங்களா?” என்றாள் மனைவி.

அவர் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

மேஜைமேல் கிடந்தது அந்தப் பொம்மைத் துப்பாக்கி. தகரம். பக்கவாட்டு மூடியைத் திறந்து சுருள் கேப் வெடியை மாட்டினால், விசையை அழுத்தும்போதெல்லாம் பட் பட்டென்று வெடிக்கும். அந்தப் புகை வாசனைக்காகவே சின்ன வயசில் கிறுக்குப் பிடித்து அலைந்தார்.

ஒன்பது வயதில், அத்தை வீட்டில் இருந்தபோது, அத்தை மகனின் அலமாரியிலிருந்து திருடியது. ஒரு தடவைகூட வெடித்ததில்லை. சத்தம் காட்டிக்கொடுத்துவிடுமே.

பழி விழுந்தது எதிர்வீட்டு லாரி டிரைவரின் மகன்மேல். குருவி என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒல்லிப் பையன். அவன் அப்பா நடுத்தெருவில் பெல்ட்டைக் கழற்றினார். குருவியின் இடது புருவம் கிழிந்து ரத்தம் கொட்டியது. இவர் கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். வாயைத் திறக்கவில்லை.

நாற்பத்தாறு வருஷம் ஓடிவிட்டது.

போன வாரம், மகள் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிற பையனின் அப்பா வீட்டுக்கு வந்தார். தையல்காரர். இடது புருவத்தில் தழும்பு. “அவங்க தாத்தா லாரி ஓட்டினவராம்பா” என்று மகள் சொன்னதும் இவருக்குச் சந்தேகமே இல்லை, அது குருவிதான்.

“அவர் முகத்தைப் பார்த்து என்னால சம்பந்தின்னு கூப்பிட முடியலை” என்றார்.

“சொன்ன பிறகு அவர் வேண்டாம்னுட்டா? அழப்போறது நீங்க இல்லை. அவ.”

துப்பாக்கியைத் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார். கடை வாசல்வரை போய் இரண்டு தடவை திரும்பினார். மூன்றாவது தடவை தையல்காரர் பார்த்துவிட்டார்.

“வாங்க சம்பந்தி. நல்ல நேரத்துல வந்தீங்க. கல்யாணச் சட்டைக்கு அளவு எடுத்துடலாம். கையைத் தூக்குங்க.”

அளவு நாடா மார்பைச் சுற்றியது.

“மூச்சைப் பிடிக்காதீங்க. அப்புறம் சட்டை தொளதொளன்னு இருக்குன்னு என்னைத் திட்டுவீங்க.”

“ஒரு விஷயம் சொல்லணும்.”

“சொல்லுங்க. தோள் பதினெட்டு.” காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நோட்டில் குறித்தார்.

இவர் பையிலிருந்து துப்பாக்கியை எடுத்து, வெட்டும் மேஜையில் விரித்திருந்த துணிமேல் வைத்தார்.

தையல்காரர் பென்சிலைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். துப்பாக்கியையே பார்த்தார்.

“அன்னைக்கு இதை எடுத்தது நான்தான். நீங்க வாங்கின அடி, நான் வாங்க வேண்டியது” என்றார் இவர். “என்னை என்ன வேணா சொல்லுங்க. செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கிறேன். பிள்ளைங்களை மட்டும் பிரிச்சுடாதீங்க.”

தையல்காரர் துப்பாக்கியைக் கையில் எடுத்து விசையை அழுத்தினார். டொக் என்றது.

“தெரியும்” என்றார்.

“என்ன தெரியும்?”

“நீ இதை எடுத்து டவுசருக்குள்ள செருகினதை ஜன்னல் வழியாப் பார்த்தேன். போன வாரம் உங்க வீட்டுப் படி ஏறினதுமே உன்னையும் தெரிஞ்சுபோச்சு. நீயா சொல்ற வரைக்கும் நான் ஏன் சங்கடப்படுத்தணும்னு விட்டுட்டேன்.”

இவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“பார்த்தியா? அப்புறம் ஏன்டா சொல்லலை? ரத்தம் வர்ற அளவுக்கு அடிச்சாரே உங்கப்பா.”

தையல்காரர் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, இவர் தோளைத் தொட்டு எழுப்பினார். கையை நீட்டச் சொல்லி மணிக்கட்டை அளந்தபடியே சொன்னார்:

“எனக்கென்ன, அடி வாங்கினதும் ஓடிப்போய் எங்கம்மா மடியில படுத்துக்கிட்டேன். உன்னை அடிச்சிருந்தா நீ யார்கிட்ட போயிருப்பே? உங்கம்மா செத்து அப்போ பத்து நாள்கூட ஆகலையேடா.”