ஒரு மண்டலப் பரிகாரம்

"தோத்துப்போனேளா இல்லையா, உஸ்தாத்? வாயைத் திறந்து சொல்லுங்கோ!"

வேங்கடசுப்ரமணியன் பேடா டப்பாவை பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, ஜெயித்த பயில்வானைப் போல இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். தாராவி கசரத்துக் கூடத்தின் நடுவே உட்கார்ந்து கர்லாக்கட்டைகளுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்த கரீம் பாட்சா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"முதல்ல உக்காருங்க சாமி. போன தடவை நாலு படி ஏறி வரதுக்குள்ள மூச்சு வாங்குனீங்க. இன்னைக்கு ஓடியில்லா வாறீங்க!"

பம்பாயில் டிராம் நின்றுபோன அந்த வருஷம்தான் மாதுங்காவாசியான வேங்கடசுப்ரமணியனுக்கு ஆபீசர் உத்தியோகம் தேடி வந்தது. கம்பெனி டாக்டர்தான் குறுக்கே நின்றார். இரண்டு மாதத்தில் பதினைந்து பவுண்டு இறங்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த நாற்காலி அடுத்த ஆளுக்கு.

ஆபீஸ் சிநேகிதர் ஒருவர் சொல்லி உஸ்தாதிடம் வந்தார். மூன்றாம் நாளே, "இதெல்லாம் மூட்டை தூக்கறவன் பண்ற காரியம். என்னால ஆகாது" என்று கர்லாக்கட்டையை எறிந்துவிட்டு வெளியேறினார்.

உஸ்தாத் கோபித்துக்கொள்ளவில்லை. வேங்கடசுப்ரமணியன் மறந்துவிட்டுப்போன குடையை அன்று சாயங்காலமே மாதுங்காவுக்கு நடந்து வந்து, அவர் மனைவி விசாலாக்ஷியிடம் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த நாள் விசாலாக்ஷி கணவரை விடாப்பிடியாக ஜம்பு ஜோசியரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏழரைச் சனி, உஸ்தாத்! பார்த்த மாத்திரத்தில் சொல்லிட்டார். ஜாதகத்தைப் பிரிக்கவேயில்லை. என் மணிக்கட்டைப் பிடிச்சுண்டு, சுவர்க் கடிகாரத்தையே ஒரு நிமிஷம் வெச்ச கண் வாங்காம பார்த்தார். ஹோரை பார்க்கறாராம்! இந்த பம்பாயில வேற எந்த ஜோசியர் அப்படிப் பார்க்கறார், சொல்லுங்கோ?"

"வேற யாரும் பாக்க மாட்டாங்க சாமி."

"நாப்பத்தெட்டு நாள் பரிகாரம். விடியக்காலம் ஆஞ்சநேயருக்குப் பிரதட்சிணம். முதல் வாரம் இருபத்தொண்ணு, அப்புறம் ஐம்பத்துநாலு, அப்புறம் நூத்தெட்டு. ஏத்தி வெச்ச ஊதுவத்தி அணையறதுக்குள்ள சுத்தி முடிச்சாகணும். முடிச்ச கையோட பன்னிரண்டு நமஸ்காரம், நெடுஞ்சாண்கிடையா."

"விழுந்து எந்திரிச்சு, விழுந்து எந்திரிச்சா? தண்டால் மாதிரியில்லா இருக்கு!"

"அபசாரம், அபசாரம்! தண்டால் வேற, நமஸ்காரம் வேற."

உஸ்தாத் பணிவாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாப்பாடு எப்படி சாமி?"

"எண்ணெய் சனி பகவானுக்கு உகந்தது. அதை அவருக்கே விட்டுடணும், நாம தொடப்படாதுன்னுட்டார். பஜ்ஜி போச்சு, வடை போச்சு. ராத்திரி ரெண்டே ரெண்டு சப்பாத்தி."

"நெய்யி?"

"நெய் விட்டுக்கலாம்னார். அது குரு பகவானோடதாம்."

உஸ்தாத்தின் புருவம் சுருங்கியது. "அப்படியா சொன்னாரு?" என்று தாடியைத் தடவிக்கொண்டார்.

அவருடைய சோதிட ஞானம் அவ்வளவுதான் என்று வேங்கடசுப்ரமணியன் மனத்துக்குள் சிரித்துக்கொண்டார். "இன்னிக்குக் காலம்பர டாக்டர் என்னை மெஷின்ல ஏத்தி நிறுத்தினார். பதினேழு பவுண்டு குறைஞ்சிருக்கு! மனுஷன் மறுபேச்சில்லாம கையெழுத்துப் போட்டுட்டார். உம்ம கட்டையால ஆகாதது பக்தியால ஆச்சு, பார்த்தேளா?"

கரீம் பாட்சா ஒரு பேடாவை எடுத்து, பாதியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் கூப்பினார்.

"ஒத்துக்கிடுதேன் சாமி. நான் தோத்துட்டேன், உங்க ஆஞ்சநேயர் ஜெயிச்சிட்டாரு. நீங்க நல்லா இருந்தாப் போதும்."

ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் வேங்கடசுப்ரமணியனுக்குக் கொண்டாட்டமாக இருந்திருக்கும். மனுஷர் இப்படிப் பளிச்சென்று தோற்றுப்போனதும் அவருக்குச் சங்கடமாகிவிட்டது. வயசானவரிடம் இவ்வளவு துள்ளியிருக்க வேண்டாமோ?

"மனசுல வெச்சுக்காதேள், உஸ்தாத். உங்களுக்கும் ஏதாவது கிரகம் சரியில்லாம இருக்கும். வாங்கோ, ஜம்பு ஜோசியர்கிட்ட நானே அழைச்சுண்டு போறேன். அவர் தங்கமான மனுஷர். ஜாதி மதமெல்லாம் பார்க்க மாட்டார்."

"அரே, வேண்டாம் சாமி!" உஸ்தாத் அவசரமாக எழுந்து வாசலை எட்டிப் பார்த்தார். "பொழுது சாஞ்சிட்டுல்லா. வீட்டம்மா தேடப்போறாங்க. இந்தப் பக்கத்துக் கதவு வழியாப் போனா ஸ்டேஷனுக்குக் கிட்டக்க..."

அவர் சொல்லி முடிப்பதற்குள் வெளியே யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார்கள். உள்ளே இருப்பது யாரென்று தெரியாமல், ஜம்பு ஜோசியரின் கணீரென்ற குரல் வாசற்படியிலிருந்தே கேட்டது:

"உஸ்தாத், நம்ம மாமா பாஸ்! சனியை இறக்கிடட்டுமா, இன்னும் ஒரு மாசம் வெச்சுக்கலாமா?"