கரண்டி நுனி அளவு

காலை வெயில் சாப்பாட்டு மேசையில் சாய்ந்து, வெந்நீரில் கரைத்த வேர்க்கடலை விழுதின் மேல் எண்ணெயாய் மினுமினுக்கிறது. டாக்டர் சொன்னது கரண்டி நுனி அளவுதான். அதை ஏழு மாதக் குழந்தையின் நாக்கில் தடவிவிட்டு அம்மா கடிகாரத்தைப் பார்க்கிறாள். மூன்று வருஷத்துக்கு முன் ஒவ்வாமையில் மூத்தவளின் தொண்டையை அடைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட வைத்ததும் இதே கடலைதான். அதனால்தான் அவளை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். அவசர ஊசி அப்பாவின் சட்டைப் பையில் துருத்திக்கொண்டு நிற்கிறது. "உதடு சிவக்குதா பாருங்க." "காலையிலயே அப்படித்தான் இருந்துச்சு. சும்மா பயப்படாதே." இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குழந்தையின் கழுத்தை, வயிற்றை, காது மடலைத் துழாவிப் பார்க்கிறார்கள். குழந்தையோ கடலை விழுதுக் கிண்ணத்துக்குள் கையை விட்டுப் பிசைந்துகொண்டிருக்கிறது. கடிகார முள் பன்னிரண்டைத் தொடுகிறது. டாக்டர் கவனிக்கச் சொன்ன இரண்டு மணி நேரம் முடிந்துவிட்டது. "ஒண்ணும் ஆகலடி!" அப்பா கத்தியே விடுகிறார். அம்மா அவர் தோளில் முகத்தைப் புதைத்து விம்முகிறாள். அந்தச் சத்தத்தில் உள்ளறைக் கதவு திறந்தது காதில் விழவில்லை. "கடிச்சுத் தின்னுடுவேன்!" என்ற குரல் கேட்டுத்தான் அம்மா திரும்புகிறாள். பாப்பா சாப்பிட்டு முடித்ததும் தினமும் ஆடுகிற விளையாட்டுதான். மூத்தவள் குனிந்து, தங்கையின் பிசுபிசுத்த ஐந்து விரல்களையும் வாய்க்குள் வைத்திருக்கிறாள்.