கட்டில் பலகையில் ஒரு வில்

என் பெண்சாதி பவளம் செத்து இரண்டு வருடம் கழித்து, எங்கள் கட்டிலை மருமகன் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே குப்பையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பவளம் தினமும் மதியம் இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை தூங்கிய பக்கத்துப் பலகை ஒன்றை மட்டும் கழற்றி எடுத்துவந்தேன். வில் செய்யலாமென்று இழைத்தேன். நாணுக்குத் தேக்கா சந்தையில் கயிறு வாங்கினேன்.

"வில்லு எதுக்குப்பா? ராமராப் போறீங்களா?" என்றாள் மகள் கோமளா.

"உன் புருஷன் அடுத்து என்னையத் தூக்கிப் போட வருவான்ல, அதுக்கு."

எண்ணெய் தடவிய பலகையை இரண்டு நாற்காலிமேல் குறுக்கே வைத்தேன். சரியாக இரண்டு மணிக்குப் பலகையின் நடுப்பகுதி தாழ்ந்தது. மேலே ஒன்றுமில்லை. நான்கு மணிக்கு நிமிர்ந்தது. மருமகன் ஏதோ செய்கிறான் என்று மறுநாள் கதவைப் பூட்டிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அன்றும் அப்படித்தான்.

இன்னும் கால் அங்குலம் இழைத்தால்தான் வில்லாகும். இழைப்புளியைப் பெட்டியில் வைத்துவிட்டேன். இப்போதெல்லாம் மதியத்தில் டிவிகூடப் போடுவதில்லை.

நேற்று மூன்று மணிக்குக் கோமளா வந்தாள். "அப்பா, வில்லு முடிஞ்சிருச்சா?" என்று வாசலிலிருந்தே கத்தினாள்.

பலகை சட்டென்று நிமிர்ந்தது.

"எழுப்பிட்டியேடி," என்றேன்.