முகப்புப் படம்

தூளி நிற்கட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

ஹாலுக்கு ஒரே ஒரு ஜன்னல். அந்த வெளிச்சத்தில் கேமரா மெதுவாகத்தான் கண்ணை மூடும். அதற்குள் எது அசைந்தாலும் படத்தில் புகையாகிப் போகும்.

தூளிக்குள் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"அது எதுக்கும்மா படத்துல? கழட்டச் சொல்லு."

வீட்டுக்காரர் தேவராஜன். வாசலில் நின்றபடி சொன்னார்.

அவள் வாடகை வீடுகளைப் படம் எடுப்பவள். வீடு தேடுகிறவர்கள் போனில் தள்ளித் தள்ளிப் பார்க்கிற செயலிக்காக. வைட் லென்ஸை மாட்டி, மூலையில் முதுகை ஒட்டி நின்றால், பத்துக்குப் பத்து அறையும் கல்யாண மண்டபமாகிவிடும்.

ஆனால் அந்த லென்ஸுக்குப் பசி அதிகம். கண் விட்டதையெல்லாம் அது தின்னும். கொடியில் கிடக்கும் பாவாடை. கதவிடுக்குத் துடைப்பம். பல்லிளிக்கும் ஒயர். கவனிக்காமல் எடுத்தால் படம் சந்தைக்கடை.

அதனால் ஒவ்வொன்றாக ஓரங்கட்டியிருந்தாள். குக்கர். பக்கெட். துணி குவிந்த நாற்காலி.

மிச்சம் தூளி.

"இப்பத்தான்க்கா கண்ணசந்துச்சு" என்றாள் பூமாரி. அந்த வீட்டில் குடியிருப்பவள். வயிற்றை ஒரு கையால் தாங்கியபடி சுவரோரம் நின்றாள்.

தேவராஜன் அவளைப் பார்க்கவில்லை.

"ரெண்டே பேர்னு சொல்லிட்டுதான் குடிவந்தாங்க. இப்ப மூணு. மோட்டார் என்ன தண்ணியிலயா ஓடுது, கரண்ட்டுல ஓடுது. நீ இன்னிக்கே படத்தை ஏத்திடு. நாளைக்கு ஆள் பார்க்க வரணும்."

"ஆபரேஷன் தையலே இன்னும் ஆறலக்கா. காலி பண்ண கொஞ்ச நாள்தான் கேட்டோம்."

அக்கா என்று கூப்பிட்டாலும் அது யாருக்குச் சொன்னது என்று எல்லோருக்கும் தெரியும்.

படம் எடுக்க வந்தவளும் இந்த ஊரில் வீடு தேடியவள்தான். விஷுவல் கம்யூனிகேஷன் படித்தவள். குடும்பத்திலேயே முதல் பட்டம்.

படிப்பை எந்த வீட்டுக்காரரும் கேட்கவில்லை. என்ன ஆளுங்க என்றார்கள். கறி சமைப்பீங்களா என்றார்கள்.

இரண்டுக்கும் அவளிடம் பொய் இல்லை. வீடும் கிடைக்கவில்லை.

"தூளி இருக்கட்டும் சார்."

"இருக்கட்டுமா? பின்னாடி அழுக்கு மூட்டை தொங்குற மாதிரி இருக்கும்மா."

"உள்ள குழந்தை இருக்கு."

"நான் என்ன குழந்தையையா வாடகைக்கு விடறேன்? ஹாலைத்தானே விடறேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். துணைக்கு யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தார்.

அவள் ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு மூலையை விட்டு வெளியே வந்தாள்.

வைட் லென்ஸில் இடம் பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் பின்னால் போகவேண்டும். பொருள் பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் கிட்டே போகவேண்டும். மூக்கில் இடிக்கும் வரை. கிட்டே இருப்பது வீங்கும். பின்னால் இருக்கும் கண்றாவியெல்லாம் தானாகச் சுருங்கும்.

இது தெரிந்தும் இத்தனை நாள் மூலையிலேயே நின்றிருக்கிறாள்.

தூளிக்கு ஒரு முழம் முன்னால் கேமராவை நிறுத்தினாள். கொக்கியிலிருந்து இறங்கிய கயிறு, அதில் முடிச்சிட்ட பழைய சேலை. முடிச்சு நெஞ்சு உயரத்தில் இருந்தது. லென்ஸையும் அந்த உயரத்துக்கு ஏற்றினாள்.

"என்னம்மா பண்றே? ஹாலே வராதே."

"வரும் சார். சின்னதா."

"வேலை கத்துக்கிட்டு வந்தியா, இல்ல என் உயிரை வாங்க வந்தியா? நகரு."

உள்ளே வந்தார். இரண்டு கையாலும் முடிச்சைப் பற்றினார். இறுகிய முடிச்சு. இழுத்தார்.

தூளி சரிந்தது. சேலை இடுக்கில் ஒரு குட்டிப் பாதம் வெளியே வந்தது.

"ஐயோ, சார்!"

பூமாரி குனிந்து இரண்டு உள்ளங்கைகளையும் தூளிக்கு அடியில் விரித்தாள்.

"சார், அப்படியே. அசையாதீங்க."

என்ன பழக்கமோ. கல்யாண மேடையில் போட்டோக்காரன் சொன்னதும் நிற்பதுபோல் அவர் நின்றார். தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டார். லேசாகத் தலையைச் சாய்த்து லென்ஸைப் பார்த்தார்.

பூமாரி அசையவில்லை. அவளால் அசைய முடியாது.

கேமரா மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தது.

"என்னையும் சேர்த்தா எடுத்தே?"

"வைட் லென்ஸ் சார். எல்லாம் வரும்."

"நல்லா வந்திருக்கா?"

கையை எடுக்காமலேதான் கேட்டார்.

படம் அவள் போனுக்கு வந்தது.

முடிச்சைப் பிடித்த கைகள் இரண்டும் தேங்காய் தேங்காயாக இருந்தன. அவற்றுக்குப் பின்னால் எலுமிச்சை அளவில் ஒரு தலை, புன்னகையோடு. கீழே அந்தப் பாதம். அதற்கும் கீழே விரிந்த உள்ளங்கைகள். செருப்பைக் கழற்றாத அவர் கால்.

ஹாலும் இருந்தது. தீப்பெட்டி அளவுக்கு.

விளிம்பு விளிம்பாகப் பார்த்தாள். வெட்டி எறிய ஒன்றும் இல்லை. ஒரு படம் இவ்வளவு சுத்தமாக அவளுக்கு அமைந்ததே கிடையாது.

படத்தை ஏற்றிவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்பவேண்டும் என்பது கம்பெனி விதி. முகப்புப் படம் எது என்று செயலி கேட்டது. விலாசத்துக்கு மேல், வீட்டுக்காரர் பேருக்கு மேல், ஊரே பார்க்க நிற்கப்போகும் படம்.

நாளைக்கு இந்த வேலை இருக்காது.

அழுத்தினாள்.

"நல்லா வந்திருக்கு சார். ஏத்திட்டேன். உங்களுக்கும் வரும், பாருங்க."

அவர் சட்டைப்பையில் போன் ஒலித்தது.

அதை எடுப்பதற்காக, தேவராஜன் முடிச்சை விட்டார்.